பழைய ஏர் ரைபிள் வாங்கி வீட்டிலேயே பழகத் தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் எங்கள் ஊர். எட்டுத் தறியையும் பழைய இரும்புக்குப் போட்ட பிறகு தறி செட் சும்மா கிடந்தது. பள்ளியில் ஏர் ரைபிள் பழகிய மகள், இதை விட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றபோது அந்த செட்டையே பத்து மீட்டர் ரேஞ்சாக மாற்றினோம். ரைபிள், ஜாக்கெட், பம்ப் எல்லாமே வேறொருவர் பயன்படுத்திக் கைமாறி வந்தவைதான். இப்போது சுத்துப்பட்டில் இருந்து பெற்றோர்கள் வந்து பார்க்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலும் நிறுத்திக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஏனுங்க அக்கா, இது நோம்பியில பலூன் சுடற துப்பாக்கிதானுங்களே?

குழலின் அளவு ஒன்றுதான், 4.5 மில்லிமீட்டர். மற்றதெல்லாம் வேறு. நோம்பிக் கடையில் இருப்பது குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுவது. போட்டி ரைபிளில் அழுத்திய காற்று ஒரு சின்ன சிலிண்டரில் இருக்கும். விசையைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று வெளியேறி, அரை கிராம் எடையுள்ள பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக்குண்டை, நொடிக்கு 170 மீட்டர் அளவு வேகத்தில் தள்ளும். தோளில் உதை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது.

பத்து மீட்டர் தள்ளி ஒரு கார்டு, அதுதான் குறி அட்டை. அதில் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், நம் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் இடம் அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனா முனையால் ஒரு முறை தொட்டு எடுத்தால் விழுமே, அவ்வளவுதான். நின்றபடி 60 ஷாட். நடுவை எவ்வளவு நெருங்குகிறது என்று தசமத்திலும் கணக்கிடுவதால் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9, ஆக மொத்தம் 654.

லைசென்ஸ் வேணுமுங்களா? பொறவு போலீஸ் கீலீஸ்னு வந்து நிக்கக் கூடாதுங்க.

குழல் 0.177 அங்குலத்துக்கு (அதுதான் 4.5 மில்லிமீட்டர்) மேல் போகாமலும், பெல்லட் வெளியேறும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அளவு) என்ற வரம்பைத் தாண்டாமலும் இருந்தால் ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இந்த வரம்பு இருக்கிறது. நான் மேலே சொன்ன எடைக்கும் வேகத்துக்கும் கணக்குப் போட்டால் எட்டு ஜூல் கூட வராது. ஜெர்மனியில் இருந்து வந்த பழைய ரைபிள்கள் பலவற்றில் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' எழுத்து பொறித்திருக்கும். அது அங்கத்திய 7.5 ஜூல் வரம்புக்கு உட்பட்டது என்பதற்கான முத்திரை.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் காகிதமும் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். விற்பவரின் பழைய பில் நகல், அவர் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், உங்கள் அடையாள அட்டை நகல், கிளப் அட்டை நான்கையும் ஒரு கவரில் போட்டு ரைபிள் பெட்டியின் மூடிக்குள் வையுங்கள். பில் எப்போதும் பெரியவர் பெயரில் இருக்கட்டும். நாங்கள் போட்டிக்கு பஸ்ஸில் போகும்போது இரண்டு முறை பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கவரைக் காட்டியதும் மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். ரைபிளைப் பெட்டி இல்லாமல் வெளியே எடுத்துப் போகவே கூடாது. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது ஏர் ரைபிளா வேறா என்று தெரியாது.

பாயிண்ட் டூ டூ ஏர்கன் ஒன்னு சல்லிசா வருதுங்க. வாங்கிப் போட்டுக்கலாங்களா?

வேண்டாம். அதன் குழல் 5.5 மில்லிமீட்டர். மேலே சொன்ன வரம்பைத் தாண்டுவதால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அதோடு, பத்து மீட்டர் போட்டியில் 4.5 மட்டும்தான் அனுமதி. பழகவும் உதவாது, வம்பும் சேரும்.

பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க துப்பாக்கி?

என் மாமியார் கேட்ட கேள்வி இது. இன்று அவர்தான் மகளுக்கு கார்டு மாற்றிக் கொடுக்கிறார். உடல் பலத்தால் முந்தும் விளையாட்டு இல்லை இது. மூச்சை அடக்கி, அசையாமல் நின்று, அவசரப்படாமல் விசையை இழுப்பவர்தான் ஜெயிப்பார். பெண்களுக்கு முன்பு 40 ஷாட்தான் வைத்திருந்தார்கள். 2018 முதல் ஆண்களைப் போலவே 60. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் இதே பத்து மீட்டர் ரைபிளோடு நின்றவர். உங்கள் மகள் கேட்டால் ஒரு முறை கையில் கொடுத்துப் பாருங்கள்.

எம்பட பையனுக்குப் பத்து வயசுதானுங்க, ஒல்லியா இருக்கறான். தூக்குவானுங்களா?

போட்டி ரைபிளின் எடை 5.5 கிலோ வரை போகலாம் என்பது விதி. அது உச்ச வரம்புதான், அவ்வளவு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. சிறுவர்களுக்கென்றே எடை குறைந்த, தோளில் பதியும் பின்கட்டை குட்டையான ரைபிள்கள் உண்டு. பழையதில் தேடும்போது முதலில் அவற்றைத் தேடுங்கள். பெரியவர் ரைபிளைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தால் எடையைச் சமாளிக்க இடுப்பைப் பின்னால் வளைத்து நிற்பார்கள். அந்த வளைவு பழக்கமாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு, முதுகு வலியும் வரும்.

எங்கள் செட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் ரைபிளை ஒரு ஸ்டாண்டில் தாங்கவைத்துத்தான் சுடச் சொல்கிறோம். குறி, மூச்சு, விசை மூன்றும் படிந்த பிறகுதான் எடை.

கடன் வாங்கியாவது புதுசே வாங்கிட்டா நிம்மதி இல்லீங்களா?

ஜெர்மன் ரைபிள் புதியது இரண்டு மூன்று லட்சத்தைத் தாண்டும். அதே ரைபிள் பத்து வருடம் பழையதாக இருந்தாலும் குழல் அப்படியே இருக்கும். ஈயம் மென்மையானது, எஃகுக் குழலைத் தேய்ப்பதில்லை. ஒழுங்காக வைத்திருந்த ரைபிள் பல லட்சம் ஷாட் சுட்ட பிறகும் ஓட்டை மேல் ஓட்டையாகப் போடும். தொடங்கும் பிள்ளையைவிட அந்த ரைபிள் பல மடங்கு நன்றாகச் சுடும்.

ஆகவே என் கருத்து இது. ரைபிளில் மிச்சம் பிடிக்கும் பணத்தை பெல்லட்டுக்கும், உடம்புக்குப் பொருந்தும் ஜாக்கெட்டுக்கும், வாரம் ஒரு முறை கோச்சைப் பார்ப்பதற்கும் வையுங்கள். லட்சம் கொடுத்து ரைபிள் வாங்கிவிட்டு, பெல்லட் டப்பா விலைக்கு யோசித்து வாரம் இருபது ஷாட் சுடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

இந்தியாவிலேயே செய்யும் ப்ரெசிஹோல் போன்ற ரைபிள்களும் உண்டு. ஓபன் சைட் (வெறும் வெட்டுக்குறி வைத்துச் சுடும்) பிரிவில் தொடங்குகிறவர்கள் பலர் கையில் அவைதான்.

பழசுல எதைப் பாத்து வாங்கோணுமுங்க?

முதலில் சிலிண்டர். வேறு எதையும் பார்க்கும் முன் அதைக் கழற்றச் சொல்லி, மேலே பொறித்திருக்கும் வருடத்தையும் மாதத்தையும் படியுங்கள். ஜெர்மன் கம்பெனிகள் அலுமினிய சிலிண்டர்களுக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்று வரையறுத்திருக்கின்றன. நாங்கள் வாங்கிய முதல் ரைபிளில் இதில்தான் ஏமாந்தோம். சிலிண்டரைச் சுற்றி ஒரு கிளப் ஸ்டிக்கர் அழகாக ஒட்டியிருந்தது. விற்றவர் "இப்பத்தானுங்க மாத்துனது" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, ஓரம் தூக்கிக்கொண்டு நின்ற ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டினேன். பசை உருண்டு உருண்டு வந்தது. அதற்கடியில் இருந்த வருடத்தைப் பார்த்தபோது ஆயுள் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. புது சிலிண்டரின் விலை எங்கள் கணக்கையே புரட்டிப் போட்டது.

அடுத்தது கசிவு. முழு அழுத்தத்துக்குக் காற்று அடைத்து, அழுத்தமானியைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி அப்படியே விடச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் ஓ ரிங், அதாவது காற்றை அடைக்கும் ரப்பர் வளையம், போயிருக்கிறது. இது பெரிய செலவில்லை, ஆனால் விலை பேசும்போது சொல்ல வேண்டியது. மூன்றாவது, வைஸில் (பட்டறையில் இருக்கும் இறுக்கும் பிடி) பூட்டி அல்லது மணல் மூட்டை மேல் வைத்து பத்து ஷாட். நல்ல பெல்லட் போட்டால் பத்தும் சேர்ந்து ஒரே கிழிசலாக விழ வேண்டும். பெல்லட்டே 4.5 என்பதால், கிழிசலின் வெளி ஓரத்தில் இருந்து வெளி ஓரம் வரை ஏழு எட்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் திருப்தி. அதற்கு மேல் சிதறினால் குழலின் வாயைப் பாருங்கள். கீழே விழுந்து ஓரம் நசுங்கியிருக்கலாம்.

பின்பக்க பீப் சைட்டின் (சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் பாகம்) இரண்டு திருகையும் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெரிய வேண்டும். காற்று அடைக்கும் அடாப்டர், முன் சைட்டின் வளையங்கள், ஆலன் கீ எல்லாம் பெட்டியில் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அடாப்டர் வேறு. அது மட்டும் தனியாகத் தேடி நாங்கள் இரண்டு மாதம் அலைந்தோம்.

தேதி முடிஞ்சா என்னுங்க, காத்து நிக்குதில்ல?

கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பார் சொச்சம். இந்தச் சிலிண்டரில் 200 பார், சில மாடல்களில் 300. ஒவ்வொரு முறை நிரப்பிக் காலியாகும்போதும் உலோகம் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்து சுருங்குகிறது. உள்ளே விழும் மயிரிழை விரிசல் வெளியே தெரியாது, காற்றும் நிற்கும். ஒருநாள் பிளக்கும். பிள்ளையின் தாடைக்கும் இடது கைக்கும் ஒரு சாண் தூரத்தில் அது இருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். தேதி முடிந்த சிலிண்டரை வாங்கவும் வேண்டாம், இன்னொருவருக்கு விற்கவும் வேண்டாம். நாங்கள் எங்களுடையதைக் காலி செய்து, நடுவில் ரம்பத்தால் அறுத்துத்தான் இரும்புக் கடையில் போட்டோம்.

காத்து எங்கெ அடைக்கறதுங்க? பஞ்சர் கடையில ஆகுமுங்களா? பக்கத்துல வெல்டிங் பட்டறை வேற இருக்குது.

பஞ்சர் கடை கம்ப்ரஸர் பத்து பார் பக்கம்தான் போகும், ஆகாது. வெல்டிங் பட்டறைப் பக்கம் இந்தச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். அங்கே இருப்பது ஆக்ஸிஜன். அழுத்தமான ஆக்ஸிஜன் சிறிது எண்ணெயோ கிரீஸோ பட்டால் தானே தீப்பிடித்து வெடிக்கும். இது வாங்கும் எல்லோரிடமும் நான் இரண்டு முறை சொல்லும் ஒரே விஷயம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உயரழுத்தக் கைப்பம்ப். சைக்கிள் பம்ப் மாதிரிதான், ஆனால் 200 பார் வரை ஏறும். கடைசிப் பகுதியில் உடல் எடை முழுவதும் போட்டு அழுத்த வேண்டியிருக்கும். ஈரம் வடிகட்டும் பகுதி உள்ளதாகப் பாருங்கள், நடுவில் நிறுத்தி ஆறவிட்டு அடியுங்கள். இன்னொன்று, கிளப் கம்ப்ரஸரில் நிரப்பிய பெரிய டைவிங் சிலிண்டர். அதில் இருந்து மெதுவாகத் திறந்து நிரப்பிக்கொள்ளலாம். அந்தப் பெரிய சிலிண்டருக்கும் குறித்த காலத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை உண்டு. கழுத்தில் பொறித்த தேதியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரைபிளை ஒரு முறை நிரப்பினால் இருநூறு ஷாட்டுக்கு மேல் வரும் என்பதால், அன்றாடம் அடிக்கும் வேலை இல்லை.

சிலிண்டரே இல்லாத பழைய ஸ்பிரிங் ரைபிள் ஒன்னு இருக்குதுங்க, 80ல வந்ததாம். அது தேவலீங்களா?

பக்கவாட்டில் நீளக் கைப்பிடி இருந்து, சுடும்போது மேல்பாகம் முழுவதும் கொஞ்சம் பின்னால் நழுவினால் அது ஃபைன்வெர்க்பாவ் என்ற ஜெர்மன் கம்பெனியின் 300 வகையாக இருக்கலாம். ஒரு காலத்தில் உலகப் போட்டிகளை ஆண்ட ரைபிள் அது. மேல்பாகம் தண்டவாளத்தில் நழுவி உதையை விழுங்கிவிடும். காற்று அடைக்கும் தொல்லை கிடையாது. பழகுவதற்கு மிக நல்லது. எங்கள் செட்டில் ஒன்று இருக்கிறது, எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சீல்களை. அந்தக் காலத்து ரைபிள்கள் சிலவற்றில் போட்ட சீல்கள் வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலே பொடிந்து தேன்மெழுகு மாதிரி ஆகிவிடும். இழுக்கும்போது பிசுபிசுவென்று இருந்தாலோ, சுட்டதும் கார்டு வரை பெல்லட் சோர்ந்து போனாலோ சீல் மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கை நீங்களாகப் பிரிக்காதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயும். பெல்லட் போடாமல் ஸ்பிரிங் ரைபிளைச் சுடவும் கூடாது. பிஸ்டன் மோதி உடையும்.

வீட்டுல எடம் எவ்வளவு வேணுமுங்க? மொட்டை மாடி ஆகுமா?

மாடி வேண்டாம். தவறிப் போகும் பெல்லட் பக்கத்துத் தோட்டத்தில் விழும், காற்றும் வெயிலும் பழக விடாது. சுற்றிலும் அடைத்த நீளமான இடம் வேண்டும். சுடுகிறவர் நிற்கும் கோட்டில் இருந்து கார்டு வரை சரியாகப் பத்து மீட்டர், பின்னால் நிற்க இரண்டு மீட்டர். ஓடாத தறி செட், கோழிக் கொட்டகை, பருத்தி குடோன் எதுவும் ஆகும். நம் பக்கம் இதற்குப் பஞ்சமே இல்லை. சுடும் கோட்டுக்கு முன்னால் எந்தக் கதவும் திறக்கக் கூடாது. எங்கள் செட்டில் நடுவில் இருந்த பக்கக் கதவை செங்கல் வைத்து அடைத்துவிட்டோம்.

கார்டின் நடுப்புள்ளி தரையில் இருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கார்டின் மேல் மட்டும் நல்ல வெளிச்சம் விழும்படி ஒரு எல்இடி ஃபோகஸ் லைட். போட்டிகளில் கார்டின் மேல் 1500 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறார்கள். பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டிக்கு நாங்கள் செய்தது இது. ஒன்றரை அடி ஆழ மரப்பெட்டி. பின்பக்கம் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு. உள்ளே திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட். சும்மா திணித்தால் போதாது. காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், கையை விட்டால் இரண்டு விரல் கூட நுழையக் கூடாது. பெல்லட் துணிக்குள் புதைந்து நின்றுவிடும், தெறிக்காது, சத்தமும் வராது. ஒரே இடத்தில் சுடுவதால் நடுவில் குழி விழும். மாதம் ஒரு முறை பிரித்துக் கலைத்து மீண்டும் மிதித்து அடைக்கிறோம். வெறும் சுவரிலோ கல்லிலோ சுட்டால் பெல்லட் திரும்பி வரும். பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் செட்டுக்குள் இருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம்.

எந்த பெல்லட் நல்லதுங்க?

முன்பக்கம் தட்டையாக இருப்பது. கார்டில் பஞ்சிங் மெஷின் குத்தியது போல் வட்டமாக ஓட்டை விழும், மதிப்பெண் படிக்கச் சுலபம். கூர்முனை பெல்லட் கார்டைக் கிழித்துவிடும். தலையின் அளவு டப்பாவின் மேல் 4.49, 4.50 என்று போட்டிருக்கும். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த அளவு வேறு. இரண்டு மூன்று வகை வாங்கி, மேலே சொன்னபடி வைஸில் வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். எது சின்ன ஓட்டையாக விழுகிறதோ அதே எண்ணில் சேர்த்து வாங்குங்கள். தரையில் விழுந்த பெல்லட்டை எடுத்துச் சுடக் கூடாது. பாவாடை போன்ற பின்பகுதி லேசாக நசுங்கினாலே குறி மாறும், ஒட்டிய மண் குழலைக் கீறும்.

ஈயம் விஷம்னு சொல்றாங்க, கொழந்தைகளுக்கு ஆகுமுங்களா?

ஈயம் விஷம்தான், அதுவும் வளரும் பிள்ளைகளுக்கு. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு. முதல் நாளே கண்டித்துவிடுங்கள். சுடும் இடத்தில் தின்பதும் குடிப்பதும் கிடையாது, தண்ணீர் பாட்டில் வெளித் திண்ணையில் இருக்கும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியபிறகுதான் முறுக்கு. பெட்டியில் இருந்து பனியன் வேஸ்டைப் பிரிக்கும் வேலையைப் பெரியவர்கள், மாஸ்க் போட்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். செட்டைக் கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பெல்லட்டுகளைத் தனி டின்னில் சேர்த்து வைத்தால் பழைய ஈயம் வாங்குபவர் எடுத்துக்கொள்வார்.

ஜாக்கெட் பழசு வாங்கலாமுங்களா?

வாங்கலாம், ஆனால் ரைபிளைவிட இதில்தான் கவனம் வேண்டும். ஜாக்கெட் இன்னொருவர் உடம்புக்கு அளந்து தைத்தது. விரைப்பான கேன்வாஸ். இடது முழங்கை இடுப்பெலும்பில் வந்து உட்காரும் இடம் சரியாக இல்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம். துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, விரைப்புக்கும் கருவி வைத்து அளப்பார்கள். பழைய கால விரைப்பு ஜாக்கெட் சில இப்போது போட்டியில் தேறாது. வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடம்தான் அளவு நிற்கும், ஆகவே பிள்ளைகள் ஜாக்கெட் நல்ல நிலையில் நிறையவே கைமாறும்.

எம்பட பொண்ணு பீச்சாங்கைக்காரிங்க. வலதுகை ரைபிள் ஆகுமா?

கைக்கு முன் கண்ணைப் பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணச் சந்து வைத்து, அதன் வழியாக எட்ட இருக்கும் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் மறையாமல் நிற்கிறதோ அதுதான் முதன்மைக் கண். கை இடது, கண் வலது என்று வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு வலதுகை ரைபிளே தோதுப்படும். கையும் கண்ணும் இரண்டும் இடது என்றால், இடதுகைப் பிடியும் கன்னக்கட்டையும் உள்ள ரைபிளுக்குக் காத்திருங்கள். பழையதில் அபூர்வமாகத்தான் வரும். இரண்டு பக்கமும் பொருந்தும் கட்டை உள்ள மாடல்களும் இருக்கின்றன, அதைக் கேளுங்கள்.

தோட்டத்துல மயிலுங்க மக்காச்சோளத்தைக் காலி பண்ணுது. பயமுறுத்த மட்டும் ஒன்னு ரெண்டு சுட்டுக்கலாமுங்களா?

கூடாது. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், எங்கள் அண்ணன் தோட்டத்தில் விதைத்த நிலக்கடலையைக் கொத்திப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. பயமுறுத்தச் சுட்டேன் என்பது எடுபடாது, பெல்லட் உடம்பில் தைத்த மயில் செத்துக் கிடந்தால் வழக்குதான். கிளி, கொக்கு, முயல், தெருநாய் எதன் மேலும் நீட்டக் கூடாது. இதற்காக ரைபிள் கேட்டு வருபவருக்கு நான் வழி சொல்வதில்லை. உயிருள்ளதை நோக்கி நீட்டிய பிள்ளை எங்கள் செட்டில் அன்றோடு நிற்கும்.

பெல்லட் செலவு தாங்கலீங்க. தினம் சுட்டாத்தான் வருமா?

ஐநூறு பெல்லட் டப்பா, தினம் எழுபது சுட்டால் ஒரு வாரம். தினம் சுட வேண்டியதில்லை. காற்று ரைபிள்களில் பெல்லட்டும் காற்றும் இல்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழக ஒரு ஏற்பாடு இருக்கும், ட்ரை என்பார்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, சைட் வளையம் எங்கே ஆடுகிறது, விசை இழுக்கும் நொடியில் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கவனிப்பது. எங்கள் மகள் வாரத்தில் நான்கு நாள் ட்ரை, இரண்டு நாள் பெல்லட். ஸ்பிரிங் ரைபிளில் இதைச் செய்யக் கூடாது என்று முன்பே சொன்னேன்.

அமெரிக்காவுல எங்க மச்சான் பழைய பிரஸ் வாங்கி வீட்டுலயே தோட்டா நிரப்பறாருங்க. நாமளும் அப்படி ஆரம்பிச்சா மிச்சமாகாதுங்களா?

அங்கே பலர் செய்வதுதான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அளவுக்கு நசுக்கி, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), அளந்த மருந்து, ஈயக்குண்டு என்று ஒரு கைப்பிரஸில் மீண்டும் கட்டுவார்கள். பழைய பிரஸ் தலைமுறை தாண்டி உழைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது அந்த ஊர்ச் சட்டத்துக்குள் நடப்பது. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு வருடம், ஆயுள் வரை போகும். மருந்தும் பிரைமரும் வீட்டில் வைத்திருப்பதே தனி ஆபத்து.

ஏர் ரைபிளில் நிரப்பும் வேலையே இல்லை. மருந்து கிடையாது, பிரைமர் கிடையாது, கூடு கிடையாது. கையால் செய்து பார்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் பெல்லட்டைத் தலையளவு வாரியாகப் பிரித்து வையுங்கள், ஓ ரிங் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள், பெட்டி செய்யுங்கள். கோயமுத்தூர்ப் பக்கம் லேத் வேலை தெரிந்தவருக்கு இதில் செய்ய ஏராளம் இருக்கிறது.

போட்டிக்கு எப்படிங்க போறது?

முதலில் உங்கள் மாவட்ட ரைபிள் கிளப்பில் உறுப்பினர் ஆகுங்கள். அதன் வழியாகத் தமிழ்நாடு ஷூட்டிங் அசோசியேஷன் நடத்தும் மாநிலப் போட்டி. அங்கே எடுக்கும் மதிப்பெண்ணைப் பொறுத்து மேலே தேசிய ரைபிள் சங்கத்தின் போட்டிகள். ஓபன் சைட், பீப் சைட் என்று பிரிவு இருக்கிறது, சேரும்போதே எதில் என்று முடிவு செய்யுங்கள். வீட்டில் ஆறு மாதம் தனியாகப் பழகிவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். கோச் கண்ணில் படாமல் படியும் தவறு ஆழமாகப் படிந்துவிடும்.

ஒரு வருசமா ஸ்கோர் ஒரே எடத்துல நிக்குதுங்க. ரைபிள் பழசாயிருச்சு, மாத்தீரலாங்களா?

போன வருடம் எங்கள் வீட்டிலேயே வந்த கேள்வி. மகள் 600ஐத் தொட்டு அதற்கு மேல் ஏறவில்லை, ரைபிள்தான் காரணம் என்று அழுதாள். ரைபிளை வைஸில் பூட்டி, அதே டப்பா பெல்லட்டில் பத்து ஷாட் அவளையே சுடச் சொன்னேன். கார்டைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தாள். பத்தும் ஒரே ஓட்டை, அவள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஒன்றும் பேசவில்லை. பிறகு கோச் பார்த்தபோது, ஒரு வருடத்தில் நான்கு விரற்கடை வளர்ந்திருந்த பிள்ளைக்குப் பின்கட்டை பழைய நீளத்திலேயே இருந்தது தெரிந்தது. ஆலன் கீயால் இரண்டு திருகு, ஐந்து நிமிட வேலை.

ஆகவே மாற்றும் முன் இதைச் செய்யுங்கள். வைஸ் சோதனையில் ஓட்டை பெரிதாக வந்தால் முதலில் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள், பிறகு குழலைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு ஓ ரிங். ஓட்டை சின்னதாகவே வந்தால் பின்கட்டை, கன்னக்கட்டை, ஜாக்கெட் மூன்றையும் பிள்ளையின் இன்றைய உயரத்துக்கு மீண்டும் பொருத்துங்கள். அந்தக் கார்டில் தேதி எழுதி, பில் வைத்திருக்கும் அதே கவரில் போட்டு வைத்தால் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். என்றாவது ரைபிளை விற்கும்போது வாங்க வருபவரிடமும் அதைக் காட்டலாம், சிலிண்டர் தேதியோடு.